அம்மா நம்பும் அந்தப் படம் பற்றி

வணக்கம். மறைந்த உங்கள் தந்தையை, அவர் வராத பட்டமளிப்பு விழாப் படத்தில் உங்கள் தம்பி செயற்கை நுண்ணறிவுச் செயலி மூலம் சேர்த்துக் கொடுத்ததாகவும், மறதி நோயுள்ள அம்மா இப்போது அதை நடந்ததாகவே விவரிப்பதாகவும், உண்மையைச் சொல்வதா என்று தடுமாறுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

இதற்கு நோய் மட்டுமே காரணமன்று. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுவயதில் வெப்பக்காற்று பலூனில் பறந்ததுபோல் ஒட்டித் தயாரித்த படத்தைக் காட்டி மூன்று முறை உரையாடியபின், பங்கேற்ற 20 பேரில் பாதிப்பேர் நடக்காத அந்தப் பயணத்தை முழுமையாகவோ ஓரளவோ நினைவுகூர்ந்தனர். நினைவு என்பது பெட்டியிலிருந்து எடுக்கும் பொருளன்று; ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது.

ஆகவே அம்மாவைத் திருத்த முயல வேண்டாம் என்பேன். திருத்தினால் குழப்பமும் துயரமுமே மிஞ்சும். ஆனால் தலையாட்டவும் வேண்டாம். "அப்பா நீலச்சட்டை போட்டிருந்தார்" என்று அவர் சொன்னால், "அப்பாவுக்கு நீலம் அவ்வளவு பிடிக்குமா?" என்று பேச்சை உண்மையான மனிதரிடம் திருப்பிவிடுங்கள். அவரே நேராகக் கேட்டால் மட்டும், மென்மையாக உண்மையைச் சொல்லுங்கள்.

தம்பியின் அன்பில் எனக்கு ஐயமில்லை. அம்மாவிடம் கேட்காமல் செய்ததே உறுத்துகிறது. படத்தின் பின்புறம் அது செயற்கையாகச் சேர்க்கப்பட்டது என்று தேதியுடன் எழுதிவையுங்கள். இல்லையெனில் பேரப்பிள்ளைகளுக்கு அதுவே சான்றாகிவிடும். பதிவேற்றிய முகப்படங்களை அழிக்குமாறு அந்தச் செயலி நிறுவனத்துக்கு எழுத்தில் கோரி, பதிலைச் சேமித்துக்கொள்ளுங்கள்.