போர்டில் இருப்பது புரியவில்லை, மேடம்: முதலாமாண்டு கேள்வி பதில்

பொறியியல் கல்லூரியில் பதினெட்டு வருடமாக முதலாமாண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். நானும் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவள்தான். வகுப்பு தொடங்கி ஆறேழு வாரத்தில் கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வின் தாள் கைக்கு வரும்போது பிள்ளைகளின் முகம் மாறிவிடும். அந்தச் சமயத்திலும், முதல் செமஸ்டர் முடிவு வந்த பிறகும் என்னிடம் வந்த கேள்விகள் இவை. மதிப்பெண் கணக்கு வரும் இடங்களில் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையை வைத்துச் சொல்கிறேன். தன்னாட்சிக் கல்லூரியில் இருப்பவர்களும் புதிய ஒழுங்குமுறையில் சேர்ந்தவர்களும் தங்கள் கல்லூரியின் விதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ வரை தமிழ்வழி. கணக்கில் 91 வாங்கினேன். இங்கே மேட்ரிக்ஸ் வகுப்பில் போர்டில் இருப்பதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். ஒரு வரி புரியவில்லை, மேடம். எனக்குக் கணக்கு வராதா? (மெக்கானிக்கல் மாணவர், விருதுநகர் பக்கம்)

தம்பி, 91 வாங்கியவனுக்குக் கணக்கு ஆறு வாரத்தில் வராமல் போகாது. உனக்குத் தெரிந்த சங்கதிகளுக்குப் பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மேட்ரிக்ஸ் என்பது பன்னிரண்டாம் வகுப்பில் நீ முதல் பாடமாகப் படித்த அணிகள். டிட்டர்மினன்ட் என்றால் அணிக்கோவை. இன்வர்ஸ் என்றால் நேர்மாறு. டிஃபரன்ஷியேஷன் வகையிடல், இன்டக்ரேஷன் தொகையிடல்.

போன வருடம் ஒரு பையன் கேலி-ஹாமில்டன் தேற்றத்தை அச்சடித்த மாதிரி எழுதி வைத்திருந்தான். ‘எவ்ரி ஸ்கொயர் மேட்ரிக்ஸ் சாட்டிஸ்ஃபைஸ் இட்ஸ் ஓன் கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன்.’ ஒரு எழுத்துப் பிழை இல்லை. “சாட்டிஸ்ஃபைஸ் என்றால் என்னப்பா?” என்று கேட்டேன். “திருப்தி, மேடம்” என்றான். ஓர் அணி எப்படித் திருப்தி அடையும் என்று நாலு நாள் யோசித்திருக்கிறான், யாரிடமும் கேட்கவில்லை. “பள்ளிக்கூடத்தில் ‘சமன்பாட்டை நிறைவு செய்யும்’ என்று படித்தாயே, அதுதான் இது” என்றேன். முதல் வரிசையில் 1, 2, இரண்டாம் வரிசையில் 3, 4 என்று ஒரு சின்ன அணி கொடுத்தேன். அதன் கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன் சொல்கிறபடியே அதை வர்க்கப்படுத்தி, அதிலிருந்து அதே அணியின் ஐந்து மடங்கைக் கழித்து, அலகு அணியின் இரண்டு மடங்கையும் கழிக்கச் சொன்னேன். நாலு இடத்திலும் பூச்சியம் வந்தது. “இவ்வளவுதானா மேடம்?” என்றான். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சொல். அது கிடைத்ததும் அந்த யூனிட் முழுக்கத் தானாகப் போட்டான்.

நீ செய்ய வேண்டியது இதுதான். உன் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே. அதே பாடத்தின் ஆங்கிலவழிப் புத்தகத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள், காசு கிடையாது. இரண்டும் ஒரே புத்தகம், அதே கணக்கு, அதே எண்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் படி. ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல் எழுது. ஐகன் மதிப்பு போன்ற பெரிய சொற்களை ஆசிரியரே விளக்கிவிடுவார். பிள்ளைகளைக் கவிழ்ப்பது சின்னச் சொற்கள்தான்: ஹென்ஸ், லெட், ரெஸ்பெக்டிவ்லி, ஆர்பிட்ரரி, அட் லீஸ்ட். இவற்றை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். முதல் செமஸ்டர் கணக்குக்கு இந்த மாதிரிச் சொல் நூறு தேறினால் அதிகம். அப்புறம், சந்தேகத்தைத் தமிழிலேயே கேள். ஆங்கிலத்தில் கேட்கத் தெரிந்த பிறகு கேட்கலாம் என்று காத்திருந்தால் செமஸ்டர் முடிந்துவிடும்.

இன்டர்னலில் குறைந்தால் என்ன, செமஸ்டர் தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் சீனியர்கள். சரியா மேடம்? (இ.சி.இ. மாணவி)

சரியில்லை பாப்பா, கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். தியரி பாடத்தில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. நூறுக்கு எழுதும் தேர்வை அறுபதுக்குச் சுருக்குவார்கள். தேர்ச்சி பெற அந்தத் தேர்வில் நூறுக்கு 45-ஆவது வாங்க வேண்டும், இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். தேர்வில் 45 என்றால் அறுபதுக்கு 27. கையில் இன்டர்னல் 23 இருந்தால் 27 சேர்ந்து ஐம்பது வந்துவிடும். இன்டர்னல் 15 தான் என்றால் தேர்விலிருந்து 35 வர வேண்டும், அதாவது நூறுக்கு 59. ஒரே கேள்வித்தாளில் உன் பக்கத்துப் பெண்ணுக்கு 45 போதும், உனக்கு 59 வேண்டும். அந்தப் பதினாலு மதிப்பெண் பார்ட் பி-யில் ஒரு முழுக் கேள்வியைவிட அதிகம், ஒரு கேள்விக்கு 13 தானே.

வருகைப் பதிவையும் இத்துடன் சேர்த்துக்கொள். 75 சதவீதம் வேண்டும். உடம்பு சரியில்லாமல் போனால் 65 வரை மருத்துவச் சான்றிதழோடு கேட்டுப் பார்க்கலாம். அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. அம்மை, டெங்கு எது வேண்டுமானாலும் வரலாம், அதனால் முதல் மாதத்தில் லீவை வீணடிக்காதே.

என் மகள் ஹாஸ்டலில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் ராத்திரி போன் போட்டு அழுகிறாள். “கூட்டிட்டுப் போயிரும்மா” என்கிறாள். கூட்டி வந்துவிடலாமா? (ஒரு தாய், அறந்தாங்கி)

அம்மா, உங்கள் வயிற்றைப் பிசையும், எனக்குத் தெரியும். என் மகள் ஹாஸ்டலுக்குப் போனபோது நானும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தவள்தான். ஆனால் உடனே கூட்டி வர வேண்டாம்.

முதலில் எப்போது அழுகிறாள் என்று கவனியுங்கள். பகலில் வகுப்புக்குப் போய், சாப்பிட்டு, யாரோடாவது பேசிச் சிரித்துவிட்டு, ராத்திரி உங்கள் குரல் கேட்டதும் அழுகிறாள் என்றால், அது வீட்டு ஏக்கம். பெரும்பாலும் தீபாவளி லீவுக்கு முன்னால் அடங்கிவிடும். போன் பேசும் நேரத்தை ராத்திரியிலிருந்து சாயங்காலத்துக்கு மாற்றிப் பாருங்கள். வகுப்பு முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் பேசினால், பேசி முடித்த பிறகு அவளுக்குச் செய்ய வேலை இருக்கும். ராத்திரி பேசினால் போனை வைத்ததும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுக்க வேண்டியதுதான். “சாப்பிட்டியா” என்று மட்டும் கேட்காமல், “பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு எந்த ஊரு?” என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் அடுத்த நாள் விசாரித்துச் சொல்வாள். போகும்போது அதிரசமோ முறுக்கோ ஒரு டப்பா கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள். என் வகுப்பில் பல சிநேகிதம் அப்படி ஒரு டப்பாவில் ஆரம்பித்ததுதான்.

ஆனால் பகலிலும் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, வகுப்புக்கே போகவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது “இருந்து என்ன பிரயோசனம்” என்ற மாதிரி ஒரு வார்த்தை வாயில் வந்தால், அதை ஏக்கம் என்று விட்டுவிடக் கூடாது. அந்த வார்த்தை வந்த அன்றே கிளம்பிப் போய்ப் பாருங்கள். வார்டனிடம் பேசுங்கள், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416 இருக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நீங்களும் பேசலாம், அவளும் பேசலாம். அப்போது படிப்பு ஒரு செமஸ்டர் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

சீனியர்கள் ராத்திரி ரூமுக்குக் கூப்பிட்டு நிற்க வைக்கிறார்கள். “இதெல்லாம் ராகிங் இல்லை, இன்ட்ரோ” என்கிறார்கள். (பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதியவர்)

ராகிங்தான் தம்பி. 1996-இல் சிதம்பரத்தில் ஒரு முதலாமாண்டு மருத்துவ மாணவரைச் சீனியர் கொன்ற பிறகு, 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடை செய்து தனிச் சட்டமே வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நிற்க வைக்கும் கட்டத்திலேயே இதைத் தடுத்துவிட வேண்டும். தேசிய உதவி எண் 1800-180-5522, எந்த நேரமும் அழைக்கலாம், பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். இன்று ராத்திரி கூப்பிட்டால் தனியாகப் போகாதே. இரண்டு பேர் சேர்ந்து நேராக வார்டன் அறைக்குப் போங்கள்.

டிராயிங் ஷீட்டில் கோடு போடுகிறேன், ஆனால் பொருள் கண்ணுக்குத் தெரியவில்லை. கூம்பை வெட்டினால் எப்படி இருக்கும் என்று கற்பனையே வரவில்லை. (சிவில் மாணவி)

கற்பனை செய்ய வேண்டாம், வெட்டியே பார். மெஸ்ஸில் ஒரு கேரட் கேட்டு வாங்கி, கூம்பாகச் சீவிக்கொள். அடிக்கு இணையாக வெட்டினால் வட்டம். ஒரு பக்கச் சரிவில் நுழைந்து எதிர்ப் பக்கச் சரிவில் வெளியே வருகிற மாதிரிச் சாய்த்து வெட்டினால் நீள்வட்டம். ஒரு பக்கச் சரிவுக்கு இணையாக வெட்டினால் பரவளையம். வெட்டிய முகத்தை மையில் தொட்டுத் தாளில் ஒற்றி எடு. ஷீட்டில் நீ வரைய வேண்டிய உருவம் அதுதான். பட்டகத்துக்கு ஐந்து ரூபாய் சோப்புக் கட்டி போதும். நான் சொல்வது விளையாட்டுக்கு இல்லை, பாப்பா. கிராஃபிக்ஸ் என்ற இந்த டிராயிங் பாடத்தில் தோற்ற பிள்ளைகள் பலர் கோடு சுத்தமாகப் போடுவார்கள். பொருளைக் கையில் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பென்சிலைக் கூராக வைத்துக்கொள், மெல்லிய கோட்டுக்கு 2எச், அழுத்தமான கோட்டுக்கு எச்.பி.

லேப்டாப் இல்லை. பைத்தான் எப்படிப் படிப்பது? (ஐ.டி. மாணவர், தேனி)

முதல் இரண்டு மாதத்துக்குத் தாளும் பேனாவும் போதும். நிரலை எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் மதிப்பு என்ன என்று கட்டம் போட்டு எழுது. ரேஞ்ச் 5 என்றால் சுற்று 0 முதல் 4 வரை ஓடும், 5 வராது. இதைக் கட்டம் போட்டுப் பார்த்தவன் மறக்க மாட்டான், கணினியில் ஓட்டி மட்டும் பார்த்தவன் தேர்வில் தவறு செய்வான். ஓட்டிப் பார்க்க போனிலேயே செயலி இருக்கிறது. லேப் நேரத்தில் முதல் வரிசைக் கணினியைப் பிடித்துக்கொள்.

அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். கூட இருப்பவர்கள் வாரா வாரம் வெளியே சாப்பிடப் போகிறார்கள், பிறந்த நாள் என்றால் ட்ரீட் கேட்கிறார்கள். அப்பா பிசினஸ் செய்கிறார் என்று சொல்லிவிட்டேன். (கணினி அறிவியல் மாணவர்)

சொன்னது சொன்னதாக இருக்கட்டும், அதற்குக் குற்றவாளி மாதிரி நிற்காதே. ஆனால் இந்த வாரமே, கூட்டத்தில் வேண்டாம், உனக்கு நெருக்கமான ஒருவனிடம் உண்மையைச் சொல்லிவிடு. பொய்யைக் காப்பாற்ற மாதாமாதம் செலவு ஆகும், அந்தக் காசு அப்பாவின் முதுகிலிருந்து வருகிறது. ட்ரீட் கேட்டால் “இந்த மாசம் முடியாதுடா, டீ வாங்கித் தரேன்” என்று சொல். ஒருமுறை சொல்வதுதான் கஷ்டம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு, பெண்களுக்குப் புதுமைப்பெண். விண்ணப்பித்தாயா என்று கல்லூரி அலுவலகத்தில் கேள். வீட்டில் முதல் பட்டதாரி நீ என்றால் அந்தச் சான்றிதழுக்கான கட்டணச் சலுகை போட்டிருக்கிறார்களா என்று ரசீதைப் பார்.

தினமும் காலேஜ் பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். எப்போது படிப்பது? (டே ஸ்காலர், மானாமதுரை)

பஸ்ஸில் தூங்கு. ஆடுகிற பஸ்ஸில் புத்தகம் பிடித்தால் தலைவலிதான் மிஞ்சும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் கிடைக்கும், அன்று காலை நடத்திய கணக்கில் ஒன்றை அப்போதே போட்டுவிடு. வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் போதும்.

முதல் செமஸ்டரில் மூன்று அரியர். ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது மேடம். (இ.இ.இ. மாணவர்)

தம்பி, நான் கல்லூரியில் எழுதிய முதல் கணக்குத் தேர்வில் 50-க்கு 11. அந்தத் தாளை டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் மடித்து வைத்தேன். லீவுக்குப் போனபோது அப்பா கேட்டார், “நல்லா எழுதியிருக்கேன்பா” என்றேன். அதற்குப் பிறகு யாரிடமும் சந்தேகம் கேட்க முடியவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே. பதினொன்றை மறைக்கப் போய், செமஸ்டர் தேர்வில் அந்தப் பாடத்திலேயே தோற்றேன். மதிப்பெண் பட்டியலைப் பார்த்த அப்பா திட்டவில்லை. “அன்னைக்கே சொல்லியிருந்தா டியூஷனுக்கு ஒரு நூறு ரூபா புரட்டியிருப்பேனே ஆத்தா” என்றார். எனக்கு அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் நேரில் சொல், போனில் வேண்டாம். அப்பா கோபக்காரர் என்றால் முதலில் அம்மாவிடமோ மாமாவிடமோ சொல். வீட்டில் அடிதடி ஆகும் என்ற பயம் உண்மையிலேயே இருந்தால் உன் வகுப்பு ஆலோசகரைப் பேசச் சொல், அது அவர் வேலைதான்.

போவதற்கு முன்னால் கையில் ஒரு திட்டம் வைத்துக்கொள். மூன்றையும் அடுத்த செமஸ்டர் பாடங்களோடு சேர்த்து எழுதலாம். அதில் எதை உறுதியாகத் தாண்டுவாய் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை முதலில் முடி. நன்றாக எழுதியும் போய்விட்டது என்று நினைக்கிற பாடம் இருந்தால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பி. அதைப் பாட ஆசிரியரிடம் காட்டு, அவர் தேறும் என்று சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டு. வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் அன்றைய தேதியில் அரியர் பாக்கி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கும், அதற்கு உனக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் நகலுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்தான் கொடுப்பார்கள். இதைப் படித்து முடித்ததும் நோட்டீஸ் போர்டில் கடைசித் தேதியைப் பார்த்துவிட்டு வா.