சொட்டும் இடமும் உடைந்த ஓடும்

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

வயிற்றில் மலப் பை கட்டிக்கொண்டு நடமாடுவது பற்றி நீங்கள் முன்பு எழுதியதை மகன் படித்துக் காட்டினான். எனக்கு 61 வயது, ஊர் செட்டிநாட்டில் பள்ளத்தூர்ப் பக்கம். ஆவணியில் மலக்குடல் கட்டிக்கு ஆபரேஷன் ஆகி, வயிற்றின் இடப்பக்கம் நிரந்தரமாக ஸ்டோமா, அதாவது மலம் வெளியேறக் குடலின் வாய், வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் வட்டம் வரைந்து கொடுத்த அளவில்தான் இன்றுவரை பிளேட்டில், அதாவது பையைத் தோலோடு பிடிக்கும் பசைத் தகட்டில், ஓட்டை வெட்டி ஒட்டுகிறோம். முதல் மாதம் நன்றாக நின்றது. இப்போது பிளேட் ஒரு நாள்கூட நிற்பதில்லை, கீழ் ஓரத்தில் கசிகிறது. தோல் வெந்து எரிவதால் தேங்காயெண்ணெய் தடவுகிறேன். கசிந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியும் பார்த்தாயிற்று. போன வாரம் தரையில் உட்கார்ந்து தேன்குழல் பிழிந்துவிட்டு எழுந்தால் புடவை நனைந்திருக்கிறது. பங்காளிகள் புழங்கும் வளவு. யாரிடமும் சொல்லவில்லை, தங்கையிடம்கூட. பிள்ளையார் நோன்பு வருகிறது. இந்தப் பையோடு நான் இழை எடுத்துக்கொள்ளலாமா, அதுதான் இழைமாவில் ஏற்றிய திரியை வாங்கி உண்ணும் சடங்கு?

– ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடமும் ஒரு பெரியவர் கோயில் வாசலில் இதையே வேறு மாதிரி கேட்டார். “உங்கள் குடலைக் கழற்றி முகப்பில் வைத்துவிட்டா உள்ளே வந்தீர்கள்?” என்றேன். கொஞ்சம் துடுக்குதான். ஆனால் அப்புறம் அவர் கேட்கவில்லை.

இப்போது கசிவுக்கு வருவோம். நான் டாக்டர் இல்லை, ஏழு வருஷமாகப் பை கட்டுகிறவன். அந்த அனுபவத்தில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஐப்பசி மழையில் பட்டாலையில் சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஏறிப் பார்த்தால் ஓடு முழுசாக இருக்கும். உடைந்தது நாலு வரிசை தள்ளி இருக்கும். தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து வந்து இங்கே விழுந்திருக்கும். பையும் இப்படித்தான். புடவையில் ஈரம் தெரிந்த இடத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கழற்றிய பிளேட்டைத் திருப்பி அதன் முதுகைப் பார்க்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) பந்தியில். ஆபரேஷன் ஆகி அஞ்சாவது மாதம். பந்திப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெண்டைக்காய் மண்டி விழுகிற நேரத்தில், இடுப்பில் சூடாக ஒரு கோடு இறங்கியது. இலையை மடக்காமலே எழுந்து பின்கட்டுக்குப் போனேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பளபளவென்று இருந்தது. திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன், சொட்டியிருக்கிறதா என்று. சொட்டவில்லை. ஆனால் அந்த இருபது அடி நடை இன்னும் கனவில் வருகிறது. மறுநாள் ஸ்டோமா நர்ஸம்மாவிடம் போய் அழாத குறையாகச் சொன்னால், அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: “கழற்றின பிளேட் எங்கே?” அதைத்தான் முதல் வேலையாகக் குப்பையில் போட்டிருந்தேன்.

அன்றிலிருந்து கழற்றியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நல்ல பிளேட்டின் பசை சுற்றிலும் ஒரே நிறமாக இருக்கும். ஓட்டையை ஒட்டி மட்டும் ஈரம் குடித்து லேசாக வெளுத்து உப்பியிருக்கும். கசிந்த பிளேட்டில் ஓட்டையிலிருந்து ஓரம் வரை ஒரு வாய்க்கால் ஓடியிருக்கும், பசை கரைந்து, மலத்தின் கறையோடு. அந்த வாய்க்கால் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். பிறகு கண்ணாடி முன் உட்கார்ந்து, உங்கள் வயிற்றில் அதே திசையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு மடிப்பு இருக்கும். படுத்திருக்கும்போது அது கண்ணுக்கே தெரியாது.

நீங்கள் தேன்குழல் பிழிய உட்கார்ந்ததும், நான் பந்திக்கு உட்கார்ந்ததும் ஒரே கதை. தரையில் குனிந்து உட்காரும்போது வயிறு மடிந்து பிளேட்டின் ஓரம் தூக்கிக்கொள்கிறது. அந்தப் பள்ளத்தை ஸ்டோமா பேஸ்ட்டால் நிரவலாம், அல்லது வளையம் மாதிரி வரும் ரிங்கை இழுத்துப் பொருத்தலாம். பேஸ்ட்டைப் பசை என்று நினைத்து அப்பிவிடாதீர்கள். அது மேஸ்திரி சந்தில் வைத்துப் பூசுகிற சாந்து மாதிரி, பள்ளத்துக்கு மட்டும்தான். ஸ்டோமா தோல் மட்டத்துக்கோ உள்ளடங்கியோ இருந்தால் உள்பக்கம் குவிந்த பிளேட் வேண்டியிருக்கும், அதை நர்ஸ் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதுவரை பலகார வேலையை முக்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். உள்பாவாடை நாடா ஸ்டோமாவின் மேலேயே குறுக்கே போகிறதா என்றும் பாருங்கள். எனக்கு வேட்டி முடிச்சு அப்படித்தான் அழுத்திக்கொண்டிருந்தது. நாடா அமுக்கினால் மலம் பைக்குள் இறங்காமல் ஸ்டோமாவின் தலையிலேயே தங்கி, பிளேட்டுக்கு அடியில் வழி தேடும்.

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது வேறு இடம். ஆவணியில் வரைந்த வட்டத்தில்தான் இன்னும் வெட்டுகிறீர்கள். ஆபரேஷன் முடிந்ததும் ஸ்டோமா வீங்கியிருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் சுருங்கிவிடும். இப்போது பிளேட்டின் ஓட்டை பெரிசு, ஸ்டோமா சின்னது. நடுவில் தெரிகிற தோலில் நாள் முழுக்க மலம் படுகிறது. தோல் வெந்ததற்குக் காரணம் அநேகமாக அதுதான். இன்றைக்கே அளவு அட்டையை வைத்துப் பாருங்கள். சுற்றிலும் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஸ்டோமா வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால் அதே வடிவில் வெட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் எண்ணெய். ஆச்சி, நம் ஊரில் எதற்குத்தான் தேங்காயெண்ணெய் தடவுவதில்லை! ஆனால் எண்ணெய் பட்ட தோலில் எந்தப் பிளேட்டும் ஒட்டாது. தோல் எரிகிறது என்று எண்ணெய் தடவ, எண்ணெயால் பிளேட் கழல, கழன்றதால் தோல் இன்னும் வெந்துபோக, இந்தச் சுற்றில் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பச்சைத் தண்ணீர் போதும். டெட்டால், ஸ்பிரிட், மினுமினுப்பு தரும் சோப்பு எதுவும் வேண்டாம். ஒற்றி உலர்த்தி, வெந்த இடத்தில் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு ஒட்டுங்கள். பவுடர் அதிகமானாலும் ஒட்டாது. எண்ணெய்க் குளியலை விட வேண்டியதில்லை, தலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பிளேட் மாற்றாதீர்கள், மறுநாள் மாற்றுங்கள்.

காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் மாற்றுவது வசதி, அப்போது குடல் அடங்கியிருக்கும். ஒட்டியதும் உள்ளங்கையை அதன் மேல் வைத்து அஞ்சு நிமிடம் பேசாமல் படுத்திருங்கள். அந்தச் சூட்டில்தான் பசை இறங்கும். எனக்கு மூணு நாலு நாள் நிற்பது அந்த அஞ்சு நிமிடத்தால்தான். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிடுங்கள், கனம் ஏறினால் பிளேட்டை இழுக்கும். கசிந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். உள்ளே வந்த மலத்தைத் தோலோடு சேர்த்துப் பூட்டி வைக்கிற வேலை அது. கசிந்தால் முழுசாக மாற்றத்தான் வேண்டும்.

துடைக்கும்போது ஸ்டோமாவில் பொட்டுப் போல ரத்தம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சிவப்பு நிறம் மாறி ஊதாவாகவோ கறுப்பாகவோ ஆனால், ரத்தம் நிற்காமல் வந்தால், அல்லது போக்கே இல்லாமல் வயிறு வலித்து வாந்தி எடுத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடத்தை இடுப்பில் எடுப்பதும் பேரப்பிள்ளையைத் தூக்குவதும் இப்போதைக்கு வேண்டாம். ஸ்டோமாவின் ஓரம் பலவீனமான இடம், குடல் பிதுங்கிவிடும்.

தங்கையிடம்கூடச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஒட்டுகிற பை பிறந்த கதையே அக்கா தங்கை கதைதான். டென்மார்க்கில் எலிசே சோரன்சென் என்று ஒரு நர்ஸ். அவருடைய சகோதரி தோராவுக்கு இதே ஆபரேஷன். எங்கே கசிந்துவிடுமோ என்று தோரா வெளியே போகவே பயந்தார். அதைப் பார்த்துத்தான், பசையோடு தோலில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பையை 1954இல் எலிசே யோசித்தார். அதற்கு முன் பெல்ட்டில் கட்டிய ரப்பர்ப் பை, உலோகக் கிண்ணம், துணிக்கட்டு இவைதான் பெரும்பாலும். சொன்னால் தங்கை புதுசாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். கண்ணாடியில் உங்களுக்குத் தெரியாத கீழ் ஓரத்தைப் பார்த்துச் சொன்னால் போதும்.

நோன்புக்கு முதல் நாள் காலையில் மாற்றிவிடுங்கள். அன்றைக்கே மாற்றினால் புதுப் பிளேட் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாமல் மனசு அங்கேயே இருக்கும். இழைமாவு வயிற்றை ஒன்றும் செய்யாது. பயறும் மொச்சையும் முதல் நாள் வேண்டாம், காற்று சேர்ந்து பை பலூன் மாதிரி எழும்பும். மாற்றுப் பை ஒன்று, வெட்டி வைத்த பிளேட் ஒன்று, ஈரத்துணி, ஒரு உள்பாவாடை, எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு இரண்டாங்கட்டில் மாட்டி வையுங்கள். என்னுடையது ஏழு வருஷமாகக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

அன்புடன்,
அண்ணன்