ஆறு பேரில் அவர் பெயர் இல்லையே

கேள்வி: யாங்கூனில் எங்கள் தமிழ்ச் சபையின் ஓய்வுநாள் பள்ளிக்கு நான்கு ஆண்டுகளாகக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். ஐந்து வகுப்பு, ஆறு ஆசிரியர்கள், நாற்பது பிள்ளைகள். ஆசிரியர்கள் முன்கூட்டிச் சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள். யாரும் வராத வாரத்தில் என் மனைவி எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமாளித்துவிடுவாள். பாடம் தமிழில்தான் நடக்க வேண்டும் என்கிறார்கள் மூப்பர்கள். பிள்ளைகளுக்கோ பர்மிய எழுத்துதான் வாசிக்க வருகிறது. எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்: தம்பி, ஆசிரியர்கள் ஏன் வருவதில்லை என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். வராவிட்டால் உங்கள் மனைவி பார்த்துக்கொள்வார் என்று அந்த ஆறு பேருக்கும் தெரியும். அப்புறம் எதற்கு ஞாயிறு காலையில் அவசரமாகக் கிளம்பி வர வேண்டும்?

ஆறு ஆசிரியர்கள் என்று கணக்குச் சொன்னீர்களே, அந்த ஆறில் அவர் இல்லை. நாலு வயதுக் குழந்தையும் பதினாலு வயதுப் பையனும் ஒரே பாயில். முன்தயாரிப்புக்கு நேரமில்லை, துணைக்கு ஆளில்லை. அந்த வேலையை ஒரு ஞாயிறாவது நீங்கள் செய்து பார்த்ததுண்டா? அவர் நிம்மதியாக ஆராதனையில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று? 1780இல் இங்கிலாந்தின் கிளாஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளியில்கூட, கற்பிக்க வந்த பெண்களுக்கு நாளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தார்கள். உங்கள் மனைவிக்குப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. சொந்தக் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் தீமோத்தேயுவிடம் கேட்டது பிள்ளைகளை அடக்கி வைப்பதைப் பற்றி மட்டும்தான் என்று நினைத்துவிட்டீர்களா? கட்டியவளின் உழைப்பை இலவசமாக எடுத்து ஊழியத்தை ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அதைக் கடவுள் பேரில் செய்தாலும் சரி.

இந்த வாரமே ஆசிரியர்களைக் கூட்டுங்கள். இருப்பது ஆறு பேர் என்றால் ஐந்து வகுப்பு எதற்கு? மூன்றாக்குங்கள், வகுப்புக்கு இரண்டு பேர். ஒரு பெரியவர் மட்டும் பிள்ளைகளோடு அறையில் தனியாக இருக்கவும் கூடாது. வர முடியாதவர் வியாழக்கிழமைக்குள் சொல்லி, தன் இடத்துக்கு ஆளையும் அவரே பார்க்கட்டும். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து அடுத்த மாதப் பாடங்களைச் சேர்ந்து வாசியுங்கள். பாதிப் பேர் நிற்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை, என்ன சொல்லிக்கொடுப்பது என்று தெரியாத பயம். இத்தனைக்குப் பிறகும் ஒரு வகுப்புக்கு ஆள் வரவில்லையா? நீங்கள் போய் எடுங்கள். வீட்டுக்குப் போன் போடாதீர்கள்.

மொழி விஷயம் அவ்வளவு பெரிதில்லை. அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834இல் மொழிபெயர்த்து முடித்த பர்மிய வேதாகமம் இருக்கிறது, அதைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கதையும் விளக்கமும் பர்மியத்தில், மனப்பாட வசனமும் பாட்டும் தமிழில். தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுப்பது தாய் தகப்பன் கடமை. வீட்டில் செய்யாததை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தில் செய்து தரச் சொல்லும் மூப்பர்களிடம், அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வருமா என்று மரியாதையாகக் கேளுங்கள். நாற்பது பிள்ளைகளையும் உட்காரவைக்கிற உங்கள் மனைவி எந்த மொழியில் பேசுகிறார்? என்னிடம் கேட்பதற்கு முன்னால் அவரிடமல்லவா கேட்டிருக்க வேண்டும்!

கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு, ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா வருவதற்குள் திட்டம் போட்டுக் கமிட்டியில் வைப்பீர்கள். அந்தத் தாளில் அவர் பெயரை எழுதுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். சரி என்றால் எந்த வகுப்பு வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். இந்த வருடம் முடியாது என்றால் அதோடு விட்டுவிடுங்கள், இரண்டாம் தடவை கேட்க வேண்டாம்.