வாசகர் கேள்வி–பதில்: பழைய லொறியின் டீசல் பம்ப் டைமிங்

கேள்வி (சம்மாந்துறை வாசகர்): நெல் ஏற்றும் பழைய 6 சிலிண்டர் லொறி. டீசல் பம்பைக் கழற்றி, பெஞ்சில் போட்டுச் சரிபார்த்து, கியர் மார்க் பார்த்துத்தான் பூட்டினோம். இப்போது காலையில் ஸ்டார்ட் ஆகச் சுணங்குது, வெள்ளைப் புகை போகுது, லோட் ஏற்றினால் இழுவை இல்லை. டைமிங்கைக் கூட்ட (டீசல் விழும் நேரத்தை முந்த வைக்க) வேண்டுமா?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று குறையும் ஒன்றாக வந்தால் டீசல் பிந்தி விழுகிறது என்று சந்தேகிப்பது சரி. ஆனால் லைனில் காற்று நின்றாலும், நொசில் (சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் முனை) ஒழுகினாலும், வால்வு இடைவெளி இல்லாமல் கம்ப்ரெஷன் குறைந்தாலும் இதே குறைகள்தான் வரும். முதலில் அந்த மூன்றையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் மட்டும் பம்பில் கை வையுங்கள்.

கியர் மார்க் பொருந்தினால் டைமிங் சரி என்று நம்ப முடியாது. பழைய எஞ்சினில் கியர் பல்லும், பம்புக்குள் கேமும் ரோலரும் தேய்ந்திருக்கும். தேயத் தேய டீசல் பிந்தும். அதனால் டொப்புக்கு (பிஸ்டன் ஏறும் உச்சிக்கு) எத்தனை டிகிரி முன்னால் டீசல் தொடங்குகிறது என்பதை நேரே பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

ரொக்கர் கவரைக் கழற்றி, எஞ்சினை ஓடும் திசையில் ஸ்பனரால் சுற்றுங்கள். 1-5-3-6-2-4 என்ற ஒழுங்கில் எரியும் எஞ்சினில் 1ஆம் பிஸ்டனும் 6ஆம் பிஸ்டனும் சேர்ந்தே மேலே வரும். 6ஆம் சிலிண்டரில் ஒரு வால்வு மூடி மற்றது திறக்கத் தொடங்கும் நேரத்தில், 1ஆம் சிலிண்டரின் இரண்டு ரொக்கரும் தளர்வாக இருக்கும். அதுதான் 1ஆம் சிலிண்டர் எரியும் டொப். 1இன் வால்வுகள் மாறுகிற மற்ற டொப்பை வைத்துப் பம்பைப் பூட்டிவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவே ஆகாது. சுற்றச் சுற்றப் புகை மட்டும் போகும்.

இனி எஞ்சினைக் கால் சுற்று பின்னால் திருப்பி வையுங்கள். பம்பிலிருந்து 1ஆம் சிலிண்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றி, அதன் அடியிலுள்ள டெலிவரி வால்வு ஹோல்டரைத் திறந்து, உள்ளே உள்ள வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துச் சுத்தமான டீசலில் போடுங்கள். துணியால் துடைக்க வேண்டாம். ஒரு நூல் போதும் அந்த வால்வு ஒழுக. வால்வு உட்காரும் சீட்டை அசைக்காமல் ஹோல்டரைத் திரும்பப் பூட்டி, அதன் வாயில் வளைந்த சிறு குழாயொன்றை மாட்டுங்கள். ஸ்டொப் லீவர் ஓடும் நிலையில், அக்சிலேட்டர் லீவர் முழுதாக இழுத்துக் கட்டியபடி இருக்கட்டும்.

ஒருவர் ஹாண்ட் பம்பை விடாமல் அடிக்க, மற்றவர் எஞ்சினை ஓடும் திசையில் மெல்லச் சுற்ற வேண்டும். டீசல் தாரையாக வரும், நூலாக மெலியும், பிறகு சொட்டும். சொட்டு நிற்கும் இடத்தில் கையை நிறுத்துங்கள். பிளஞ்சர் (பம்புக்குள் டீசலைத் தள்ளும் தண்டு) துவாரத்தை மூடி டீசலைத் தள்ளத் தொடங்கும் இடம் அதுதான். தாண்டிப் போய்விட்டால் சற்றே பின்னால் திருப்பி அதே இடத்தில் நிறுத்தக் கூடாது. கால் சுற்று பின்னால் போய், மறுபடி முன்னால் வாருங்கள். அப்போதுதான் கியர்களின் இடைவெளி கணக்கைக் கெடுக்காது.

இப்போது புலியில் (எஞ்சினின் முன்னால் பெல்ட் ஓடும் சக்கரம்) அல்லது ப்ளைவீலில், டொப்புக்கு எத்தனை டிகிரி முன்னால் நிற்கிறது என்று பாருங்கள். அடையாளம் அழிந்திருந்தால் அளந்து குறிக்கலாம்: 200 மில்லிமீற்றர் விட்டமுள்ள புலியின் சுற்றளவு 628 மில்லிமீற்றர், ஆகவே ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 1.75 மில்லிமீற்றர். ரப்பர் நடுவில் உள்ள புலியாக இருந்தால் வெளி வளையம் வழுக்கி மார்க் இடம் மாறியிருக்கலாம். முதலில் உண்மையான டொப்பைப் பிஸ்டனை வைத்தே உறுதிசெய்யுங்கள்.

வைக்க வேண்டிய டிகிரியை எஞ்சின் தகட்டிலோ அதன் புத்தகத்திலோ பாருங்கள். வேறு லொறிக்குச் சொன்ன கணக்கை இதற்கு வைக்க வேண்டாம். புத்தகம் 16 டிகிரி என்று சொல்ல, உங்களுக்கு 10இல் சொட்டு நின்றால் 6 டிகிரி பிந்தியிருக்கிறது. பம்ப் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் பம்பில் திருத்த வேண்டியது 3 டிகிரிதான். இதை மறந்து பம்பில் 6 டிகிரி திருப்பி, பிறகு எஞ்சின் அடிக்குதே என்று திகைப்பவர்கள் பலர். பிளேஞ்ச் (முகப்புத் தட்டு) வைத்து எஞ்சினில் பூட்டிய பம்பாக இருந்தால், நட்டுகளைத் தளர்த்திப் பம்ப் உடம்பை அதன் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் டைமிங் முந்தும், அதே பக்கம் திருப்பினால் பிந்தும். கப்ளிங் (ஷாஃப்ட் இணைப்பு) உள்ள பம்பில் ஷாஃப்டையே அது சுற்றும் திசையில் முன்னே தள்ள வேண்டும். இறுக்கியபின் இரண்டு தடவை மீண்டும் பாருங்கள். இரண்டும் ஒரே டிகிரியில் வர வேண்டும்.

டெலிவரி வால்வைப் பூட்டும்போது டோர்க் ஸ்பனரில் புத்தக அளவுக்கே இறுக்குங்கள். மிஞ்சி இறுக்கினால் பேரல் (பிளஞ்சர் ஓடும் குழல்) நெளிந்து ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) இறுகும். ரேக் முழு டீசலில் சிக்கினால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடி உடையும். ஸ்டார்ட் பண்ணுமுன் ஸ்டொப் லீவர் தடையின்றிப் போய்வருகிறதா என்று பாருங்கள், காற்று வாயை மூட ஒரு பலகையுடன் ஒருவரை நிறுத்துங்கள். தனி ஒயில் உள்ள பம்பாக இருந்தால், பெஞ்சிலிருந்து வெறுமையாக வந்திருக்கும். நிரப்ப மறக்க வேண்டாம். பைப் ஒழுக்கைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி (செங்கலடி வாசகர்): பதுளை வீதி ஏற்றத்துக்காக டைமிங்கை 3, 4 டிகிரி கூட்டி வைத்தால் இழுவை கூடுமா?

பதில்: கூடாது. கூடியது போலச் சத்தம் மட்டும் கேட்கும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கையிலேயே எரிவு முற்றி அதை எதிர்த்து அடிக்கும். அந்த அடி ஹெட் கெஸ்கெட்டிலும் ரிங்கிலும் கனெக்டிங் ரொட் பெயாரிங்கிலும் இறங்கும், எஞ்சினும் சூடேறும். ஏற்றத்தில் லோட்டோடு போகும்போதுதான் இது மிக மோசம். காற்று ஃபில்டர், டீசல் ஃபில்டர், நொசில் ஆகியவற்றைப் பாருங்கள். பெடலை முழுதாக மிதித்தால் பம்ப் லீவர் கடைசி ஸ்க்ரூவில் தட்டுகிறதா என்றும் பாருங்கள்; கம்பி நீண்டுபோய் லீவர் முழுதாக வராத பழைய லொறிகள் நிறைய. டீசல் அளவின் உச்சத்தைக் கட்டுப்படுத்தும் சீல் வைத்த ஸ்க்ரூவைத் திருக வேண்டாம். அது கறுப்புப் புகையைத்தான் தரும்.

கேள்வி (வாழைச்சேனை வாசகர்): மாரி வெள்ளத்தில் இரண்டு நாள் நின்ற லொறி. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் ரொட் வளையும். நொசில்களைக் கழற்றி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். எஞ்சின் ஒயிலும் பம்ப் ஒயிலும் பால்போல வெளுத்திருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். டீசல் டாங்கியின் அடி நட்டைத் திறந்து தண்ணீரை வடித்து, ஃபில்டர்களைப் புதிதாகப் போட்டு, லைனில் நல்ல டீசல் வரும்வரை ஹாண்ட் பம்பால் அடியுங்கள். பம்புக்குள் தண்ணீர் போயிருந்தால் நாட்களைக் கடத்தாமல் பம்பைக் கழற்றி பெஞ்சுக்கு அனுப்புங்கள். பிளஞ்சர் துருப்பிடித்து இறுகியபின் அதை மாற்றத்தான் வேண்டிவரும்.