ஏர் ரைஃபிள்ல வெளியில வாங்கின ட்ரிகர் மாட்டினேன். சில நேரம் காக் ஆகுது, அதாவது ஸ்ப்ரிங் அழுந்தி சுடத் தயாரா நிக்குது, சில நேரம் பிடிக்கவே மாட்டேங்குது. ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பணும்?

ஸ்க்ரூவைத் தொடாதீங்க. நானும் அதைத்தான் முதல்ல தொட்டேன், மூணு வாரம் வீணாப் போச்சு, ஒரு தடவை இடது உள்ளங்கையும் வீங்கிப் போச்சு.

நீங்க இதைப் படிக்கிற நேரம் அந்த ரைஃபிள் காக் பண்ணின நிலையில இருந்தா, மூலையில சாய்ச்சு வைக்காம, ஒரு பெல்லட் (குட்டிக் குண்டு) போட்டு, அதைத் தாங்குற பெட்டியான பெல்லட் ட்ராப்பைப் பார்த்து சுட்டு இறக்கிடுங்க. சும்மா காலியா சுடாதீங்க, ஸ்ப்ரிங் ரைஃபிள்ல பெல்லட் இல்லைன்னா முன்னாடி காத்தோட எதிர்ப்பு இல்லாம பிஸ்டன் போய் நேரா மோதும், சீலும் போகும் ஸ்ப்ரிங்கும் போகும். சேஃப்டி போட்டிருக்கேனேன்னு சொல்லாதீங்க. நிறைய ஸ்ப்ரிங் ரைஃபிள்ல சேஃப்டி பூட்டுறது விரல் வைக்கிற பிளேடை மட்டும்தான், உள்ள பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற கொக்கியை இல்ல. கொக்கி வழுக்கினா சேஃப்டி பார்த்துக்கிட்டு சும்மாத்தான் இருக்கும்.

நான் டெல்லியில ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்ல இருக்கேன், மத்திய அரசு வேலை. சொந்த ஊர் காரைக்குடி பக்கம். சின்ன வயசுல திருவிழாவுல பலூன் சுடுற கடையில நின்னா நகரவே மாட்டேன், அந்தப் பைத்தியம் நாப்பது வயசுக்கு மேல திரும்ப வந்துச்சு. 4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்குள்ள இருக்கிற ஏர் ரைஃபிளுக்கு இங்க லைசென்ஸ் தேவையில்லைங்கிறதால பேரலைக் கீழ மடக்கி ஒடிச்சு காக் பண்ற ஸ்ப்ரிங் மாடல் ஒண்ணு வாங்கினேன், இரும்பைத் தாங்குற கட்டை (ஸ்டாக்) மரம். முனீர்க்கா பக்கம் ஒரு பேஸ்மென்ட்ல பத்து மீட்டர் ரேஞ்ச் நடத்துறாங்க, ஞாயித்துக்கிழமை மலை மந்திர்ல முருகனைப் பார்த்துட்டு அப்படியே அங்க போயிடுவேன். துப்பாக்கி அங்கயே லாக்கர்ல இருக்கும், ஏன்னா வீட்ல வைக்க வீட்டுக்காரம்மா விடல.

கூடவே வந்த ட்ரிகர் பிளாஸ்டிக், இழுத்தா எங்கயோ ரப்பரை இழுக்கிற மாதிரி இருக்கும். ஆன்லைன்ல உலோக பிளேடு ஒண்ணு வாங்கி போன வருஷம் மே மாசம் மாட்டினேன், ரெண்டு குட்டி ஸ்க்ரூ, ஒரு ஆலன் கீ, பின்னைத் தட்டி எடுத்துட்டு இதைப் போட வேண்டியதுதான். லூங்கிற அனல் காத்து அடிக்கிற மே மாசம், வெளியில நாப்பத்தி நாலு டிகிரி. ரொம்ப நல்லா இருந்துச்சு. கண்ணாடிக் குச்சி உடையற மாதிரி சுத்தமான இழுப்பு, என் குரூப் (குண்டு விழுந்த ஓட்டைங்க பரவியிருக்கிற அளவு) பாதியாச் சுருங்கிச்சு, நான் ஏதோ கடலூர்ல பொறந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனுக்குப் பக்கத்து லேன்ல நிக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டேன்.

ஜூலை கடைசியில ஆரம்பிச்சுது. பேரலை ஒடிச்சு இழுத்தா 'டக்'னு கேக்கணும், கேக்கல, விட்டா அப்படியே திரும்பி வருது. மறுபடி இழுத்தா பிடிக்குது. பத்துல ஒண்ணு, அப்புறம் பத்துல மூணு. நானும் உங்களை மாதிரி ஸ்க்ரூதான் நகர்ந்திருக்கும்னு முடிவு பண்ணி அதைத் திருப்பி, நகராம இருக்க நீல லாக் பசை வேற நல்லா தாராளமா விட்டேன், அது அடுத்த முட்டாள்தனம். பசை ஸ்க்ரூவோட நிக்காது, பின்னுக்கும் கொக்கிக்கும் வழிஞ்சு பிசுபிசுன்னு ஆயிடும். இது என்னை மாதிரி ஆளுங்க மட்டும் பண்ற தப்பும் இல்ல. 2014 ஏப்ரல்ல அமெரிக்காவுல ரெமிங்டன் கம்பெனி தன்னோட 700, செவன் மாடல் ரைஃபிள்கள்ல இருந்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகரைத் திரும்ப வரவழைச்சப்போ சொன்ன காரணமே அசெம்பிள் பண்ணும்போது பசை அதிகமாப் போயிருக்கலாம், அதனால தானா வெடிக்க வாய்ப்பு இருக்குன்னுதான். தொழிற்சாலையில மாட்டினதுக்கே அந்த நிலைமை.

சரின்னு வீட்டுக்கு எடுத்துட்டு வந்து கட்டையைக் கழட்டி, பிளேடை எடுத்து, பெட்ரோல்ல பிரஷ் போட்டுக் கழுவி (பால்கனியில, ரூமுக்குள்ள பண்ணாதீங்க), காய வச்சு, துளி எண்ணெய் மட்டும் விட்டு மாட்டினேன். கட்டை இல்லாம இரும்பை மட்டும் மேசையில வச்சு, விரலால பிளேடை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தேன், முப்பது தடவை, ஒவ்வொரு தடவையும் துள்ளிக்கிட்டுத் திரும்பி வந்துச்சு. நாலு நாள் ஏசி ரூம்லயே கிடந்துச்சு. ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போனேன், ஞாயித்துக்கிழமை முழுக்க ஒரு தப்பு இல்ல. லாக்கர்ல வச்சுட்டு வந்தேன். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை.

ஆகஸ்ட் 15, வெளியில மொத்த டெல்லியும் மொட்டை மாடியில பட்டம் விட்டுக்கிட்டிருக்கு, நான் பேஸ்மென்ட்ல. காக் பண்ணினேன், 'டக்' வந்துச்சு ஆனா மெதுவா, ஏதோ தயங்கித் தயங்கி வந்த மாதிரி. பெல்லட்டை உள்ள வைக்கும்போது நான் ட்ரிகர் பக்கமே போகல, தானா விட்டுச்சு. பேரல் அப்படியே மேல எகிறும். பேரலை இடது கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டுத்தான் பெல்லட் வைக்கணும்னு முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்ததால விரல் தப்பிச்சுது, உள்ளங்கை மட்டும் ரெண்டு நாள் வலி. பிடிக்காம இருந்திருந்தா விரல் முறிஞ்சிருக்கும், இல்ல கட்டை பிளந்திருக்கும். பக்கவாட்டு லீவர் மாடலா இருந்தா இன்னும் மோசம், உள்ள இருக்கிற சிலிண்டர் கத்திரி மாதிரி விரலை வெட்டிடும்.

அங்க கோச் ஒருத்தர், வேலூர் பக்கத்துக்காரர், சுபேதாரா ரிட்டயர் ஆனவர். சத்தம் கேட்டு வந்தாரு, திட்டல, ரைஃபிளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "வீட்ல டெஸ்ட் பண்ணும்போது கட்டை போட்டிருந்தியா தம்பி?"ன்னு கேட்டாரு.

"இல்ல சார், கழட்டிட்டுதான்."

"மேசை மேல வேலை செய்யுது, கட்டைக்குள்ள போனா செய்யலைன்னா இரும்புல குத்தம் இல்ல. கட்டையைப் பாரு."

அவ்வளவுதான் விஷயம். வெளியில வாங்கின பிளேடு பழைய பிளாஸ்டிக்கை விடக் கொஞ்சம் தடிமன். மே மாசம் மரம் காஞ்சு கிடந்தப்போ கட்டையில இருக்கிற அந்த நீளமான துவாரத்துல உரசாமப் போய் வந்துச்சு. மழைக்காலம், அதுலயும் பேஸ்மென்ட் லாக்கர், மரம் ஈரத்தைக் குடிச்சு ஊதிடுச்சு, துவாரம் நூலளவு குறுகினதுல பிளேடு இழுத்த இடத்துல பாதியில நின்னுடுது, முழுசாத் திரும்பி வரல. பிளேடு திரும்பலைன்னா கொக்கியும் முழுசா மேல வராது. அப்போ ஒண்ணு பிஸ்டனைப் பிடிக்காது, இல்லைன்னா நுனியில பட்டும் படாமப் பிடிக்கும். இதுல பிடிக்காததுகூட பரவாயில்லைங்க, நுனியில பிடிக்கிறதுதான் ஆளைக் கொல்றது. ஏசி ரூம்ல நாலு நாள் கிடந்தா மரம் கொஞ்சம் காயும், சரியாகிட்ட மாதிரி ஏமாத்தும்.

எங்க உரசுதுன்னு கண்டுபிடிக்க வீட்டுக்காரம்மா கண்மையை எடுத்து பிளேடோட ரெண்டு பக்கமும் லேசாத் தடவி, கட்டையை மாட்டி, ஸ்க்ரூ எல்லாம் வழக்கம் போல டைட் பண்ணி, நாலு தடவை இழுத்துட்டுக் கழட்டினேன். துவாரத்தோட வலது பக்கம் பின்பக்க ஓரத்துல கறுப்பா ஒரு கோடு. ஐஸ்குச்சியில எமரி பேப்பர் சுத்தி அந்த இடத்தை மட்டும் தேய்ச்சேன், மறுபடி மை, மறுபடி தேய்ப்பு, மூணு ரவுண்டு. கறை படியாத அளவு வந்ததும் தேய்ச்ச இடத்துல மெல்லிசா வார்னிஷ் ரெண்டு கோட், ஏன்னா வார்னிஷ் இல்லாத மரத்தை அப்படியே விட்டா அடுத்த மழைக்கு அது இன்னும் சீக்கிரம் ஈரம் குடிக்கும்.

உங்களுக்கும் இதேதான் பிரச்சனைன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா பார்க்க வேண்டிய வரிசை இதுதான்: முதல்ல கட்டையோட ஒரு தடவை, கட்டை இல்லாம ஒரு தடவை, ரெண்டுலயும் காக் பண்ணாமலே பிளேடை இழுத்து விட்டுப் பாருங்க. கட்டையோட மட்டும் சோம்பேறித்தனம் பண்ணினா மேல சொன்ன வைத்தியம். ட்ரிகர் கார்டு ஸ்க்ரூ ரொம்ப நீளமா இருந்து உள்ள முட்டினாலும் இதே மாதிரிதான் இருக்கும், அதையும் ஒரு சுத்து தளர்த்திப் பாருங்க. கட்டை இல்லாமலும் சோம்பேறித்தனம்னா அழுக்கு, பசை, கெட்டியான கிரீஸ், இல்ல பிளேடைத் திருப்பித் தள்ற குட்டி ஸ்ப்ரிங் இடம் மாறியிருக்கும். கழுவினாலே முக்கால்வாசி போயிடும். பிளேடைத் தாங்குற பின் அதோட துவாரத்துல லொடலொடன்னு ஆடினா மட்டும் பழைய ட்ரிகரையே மாட்டிக்கிட்டு வாங்கின இடத்துல திருப்பிக் கொடுத்துடுங்க, அதை நம்மால சரி பண்ண முடியாது.

இது எல்லாம் முடிஞ்ச பிறகுதான் ஸ்க்ரூ. உங்க கிட்ட இருக்கிறதும் என்னோடது மாதிரி ரெண்டு ஸ்க்ரூ வகைன்னா அதுல ஒண்ணோட நுனிதான் கொக்கியோட வாலைத் தள்றது. உள்ள திருக திருக முதல் கட்ட இழுப்பு (சுடுறதுக்கு முன்னாடி பிளேடு லேசா நகர்ற தூரம்) குறையும், இழுப்பு சொகுசாகும், கூடவே கொக்கியோட பிடிமானமும் குறையும். முதல் கட்டம் சுத்தமா இல்லாமப் போச்சுன்னா நீங்க விரல் வைக்கிறதுக்கு முன்னாடியே ஸ்க்ரூ பாதி வேலையை முடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம், உடனே வெளியில எடுங்க. நான் தொடங்கின இடம்: ஸ்க்ரூ கொக்கியைத் தொடவே தொடாத அளவுக்கு வெளியில, அங்கிருந்து கால் சுத்து, கால் சுத்தா உள்ள. ஒவ்வொரு கால் சுத்துக்கும் காக் பண்ணி, பேரலை ட்ராப் பக்கம் வச்சு, கட்டையோட அடியை ரப்பர் மேட்ல தட்டிப் பார்க்கணும். விட்டுச்சுன்னா ரெண்டு சுத்து பின்னாடி.

நிறைய பேர் இங்க கேக்கிற கேள்வி, பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில ட்ரிகர் இழுப்புக்குக் குறைந்தபட்ச எடையே கிடையாதே, பிஸ்டலுக்குத்தானே 500 கிராம், அப்ப நான் ஏன் நூறு கிராமுக்கு வைக்கக் கூடாதுன்னு. துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்ச்ல (1982 ஏஷியன் கேம்ஸுக்குக் கட்டினது) போய்ப் பாருங்க, அவங்க கையில இருக்கிறது கம்ப்ரெஸ்டு ஏர் ரைஃபிள், அதுல ட்ரிகர் விடுவிக்கிறது வால்வைத் தட்டுற ஒரு குட்டிச் சுத்தியலை. நம்ம ரைஃபிள்ல நீங்க மூச்சைப் பிடிச்சு ஒடிக்கிற அந்த முழு ஸ்ப்ரிங்கையும் தாங்குறது அந்த ஒரு கொக்கியோட விளிம்புதான். ரெண்டும் ஒண்ணு இல்ல. லக்கேஜ் தூக்கிப் பார்க்கிற டிஜிட்டல் தராசைப் பிளேடுல மாட்டி இழுத்துப் பார்த்தேன், என்னோடது 900 கிராம் கிட்ட நிக்குது, அதுக்குக் கீழ போகப் போறதில்ல.

யூட்யூப்ல கொக்கியை எண்ணெய்க் கல்லுல தேய்ச்சுப் பளபளப்பாக்குற வீடியோ வந்தா மூடிடுங்க. மேல் தோல் மட்டும்தான் கடினப்படுத்தியிருக்கும், அது போனா உள்ள மெத்து இரும்பு, ரெண்டு மாசத்துல மழுங்கிடும். மெயின் ஸ்ப்ரிங் பக்கமும், ஸ்ப்ரிங்கை அழுத்திப் பிடிக்கிற கம்ப்ரெஸர் கருவி இல்லாமக் கை வைக்காதீங்க, ரிலாக்ஸ்டா இருக்கிற மாதிரி தெரியும், உள்ள அழுத்தத்துலதான் உக்காந்திருக்கும். உங்களோடது ஏர் ரைஃபிள் இல்லாம .22 மாதிரி லைசென்ஸ் ஆயுதம்னா நான் எழுதினது எதையும் பண்ணாம நேரா லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித் கிட்ட கொண்டு போயிடுங்க.

இந்த வருஷம் மழை வந்து ஒன்றரை மாசம் ஆச்சு, பிளேடு எங்கயும் நிக்கல. கண்மை டப்பாவுல மட்டும் இரும்புத்தூள் சேர்ந்துடுச்சு, சரோஜினி நகர் போய்ப் புதுசு வாங்கிக் கொடுத்தேன். கட்டையைக் கழட்டிப் பார்த்துட்டு உங்களுக்கு என்ன வந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க.