பங்காளிகள் வீட்டுக்குப் பொறியாளர் காவலா?

கேள்வி: என் மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு, காரைக்குடியில் ஒரு கடையில் 13,000 ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிறான். அவனோடு படித்தவன் ஒரகடத்தில் 27,000 வாங்குகிறான். ஓசூரில் கிடைத்த வேலைக்கு நாங்கள்தான் அனுப்பவில்லை. பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை, மற்ற எட்டுப் பங்காளிகளும் வெளியூரில் இருக்கிறார்கள். கல்விக் கடனுக்கு வட்டி ஏறுகிறது. படிக்க வைத்ததே வீண்தானா?
– ஒரு தாய், தேவகோட்டை

பதில்: ஆச்சி, 'மற்ற எட்டுப் பங்காளிகளும் வெளியூரில்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. ஒன்பது புள்ளிக்கும், அதாவது ஒன்பது பங்காளிக் குடும்பங்களுக்கும், பொதுவான வீட்டை உங்கள் மகன் ஒருவன் தன் சம்பளத்தை இழந்து காத்து நிற்கிறான். பங்காளிகளிடம் பணம் கேட்கக் கூச்சப்பட்டுப் பிள்ளையின் வருமானத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, பழியைப் பட்டத்தின் மேல் போடுவது நியாயமில்லை.

அழகப்பச் செட்டியார் மின்வேதியியல் ஆய்வகத்துக்கென 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த காரைக்குடியில் இன்று கல்விக்குக் குறைவில்லை. ஆனால் மெக்கானிக்கல் படித்தவனைப் போட்டி போட்டு எடுக்கும் வாகனத் தொழிற்சாலைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம்தான் இருக்கின்றன. அவன் அரசுப் பள்ளி ஆசிரியராகியிருந்தால் தேவகோட்டையிலும் சென்னையிலும் அடிப்படைச் சம்பளம் ஒன்றே, வீட்டு வாடகைப்படி மட்டுமே மாறும். தனியார் வேலையில் அப்படியில்லை. வெளியூரில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நிறையப் போகும் என்பீர்கள். போகட்டும். அடுத்த நிறுவனம் பெரும்பாலும் பழைய சம்பளத்தைக் கேட்டுத்தான் புதியதைப் பேசும். மூன்று வருடம் கடைக் கணக்கு எழுதியவனை இயந்திரப் பக்கம் எடுக்கவும் தயங்கும். அந்த இழப்பு வாடகையைவிடப் பெரியது.

பெற்றவர்களைப் பேணுவது பிள்ளையின் கடமை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. உங்களுக்கு முடியாமல் போய் அவன் உடனிருக்கிறான் என்றால் இந்தப் பதிலை வேறு விதமாக எழுதியிருப்பேன். வீட்டைப் பேணுவதோ ஒன்பது புள்ளிக்கும் உரிய கடமை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்கள் சம்பாதித்து எழுப்பிய வீடுகள் இவை. அப்படியொரு வீட்டைக் காட்டி அவனை ஊர் தாண்ட விடாமல் வைத்திருக்கிறீர்கள்.

இந்த வாரமே எட்டுப் பேருக்கும் எழுதுங்கள். புள்ளிக்கு மாதம் 1,500 ரூபாய் என்றால் உங்கள் பங்கையும் சேர்த்து 13,500 சேரும். இன்று உங்கள் மகன் வாங்குவதைவிட அதிகம், நம்பகமான ஓர் ஆளை அமர்த்தலாம். தர மறுப்பவர் பெயரை முன்னோருக்குப் படைக்கும் அடுத்த படைப்புக்கு எல்லோரும் கூடும்போது சபையில் சொல்லுங்கள். மகன் ஓசூருக்கு மறுபடி விண்ணப்பிக்கட்டும். வேலை கிடைத்ததும், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் கடன் தவணையைக் கட்டட்டும்.