ரசீதில் ‘குதிரை 2’ என்று இருந்தது

கேள்வி: வணக்கம் வழக்கறிஞர் அம்மா. நான் பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலில் வசிக்கிறேன். ரவாங் பக்கம் உள்ள ஒரு பண்ணையில் என் மகளுக்காகப் பெண்குதிரை ஒன்றை வாங்கினேன். வாங்கும்போதே சினையாக இருந்தது. அங்கேயே குட்டி ஈன்றது. மாதக் கடைசிக்குள் லாயத்தைக் காலி செய்யும்படி பண்ணைக்காரர் நெருக்கியதால், குட்டி பிறந்த ஐந்தாம் நாளே இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவர ஒரு ட்ரெய்லர்காரரை அமர்த்தினேன். கட்டணம் 2,600 வெள்ளி (ரிங்கிட்). 1,500 முன்பணம் கொடுத்தேன். குட்டிக்கு ஐந்து நாள்தான் என்பதை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே எழுதினேன். அவர் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

ஏற்றும்போது நடுவில் தடுப்பு வைத்துத் தாயை ஒரு பக்கமும் குட்டியை மறுபக்கமும் விட்டார். ‘தாய் மிதித்துவிடும்’ என்றார். தாப்பா அருகே ஓர் ஓய்விடத்தில் நண்பகல் வெயிலில் வண்டியை நிறுத்தி ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டார். காரில் பின்தொடர்ந்து, வழியில் பின்தங்கிவிட்ட என் தம்பி வந்து திறந்து பார்த்தபோது, குட்டியின் பின்னங்கால் தடுப்பின் அடியில் சிக்கியிருந்தது. அது எழவே இல்லை. ஈப்போவில் கால்நடை மருத்துவரிடம் இறக்கினோம். பிழைத்துவிட்டது. ஆறு வாரமாகத் தாயும் குட்டியும் அங்கேயே இருக்கின்றன. செலவு 9,000 வெள்ளியைத் தாண்டிவிட்டது.

ட்ரெய்லர்காரர் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்: ‘விலங்குகளுக்கு நேரும் எந்த இழப்புக்கும் நாங்கள் பொறுப்பல்ல.’ மீதி 1,100 வெள்ளியோடு, ஈப்போவில் காத்திருந்ததற்கு 400 வெள்ளியும் கேட்கிறார். நான் புகார் செய்தால் விலங்கு நலச் சட்டம் என் மீதே பாயும் என்றும் சொல்கிறார். நான் என்ன செய்யலாம்? குட்டியை வீட்டுக்குக் கொண்டுவர இந்த முறை என்ன எழுதி வாங்க வேண்டும்? (மகள் பழகிய பிறகு, வார இறுதிகளில் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சவாரி விடலாம் என்ற எண்ணமும் உண்டு.)

பதில்: கீழே தள்ளிய குதிரை குழியும் பறித்ததாம் என்பார்கள். உங்கள் கதையில் அந்தப் பழி குதிரைக்கு இல்லை. குட்டியின் காலைச் சிக்க விட்டவர் காத்திருப்புக் கட்டணமும் கேட்கிறார். அந்த 400 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். மீதி 1,100 வெள்ளிக்குப் பின்னால் வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய ரசீதின் நகலைப் பார்த்தேன். பின்பக்கத்து வாசகத்தைவிட முன்பக்கத்து வரியில்தான் என் கண் நின்றது. மலாயில் ‘குடா, 2 ஏக்கோர்’ என்று எழுதியிருக்கிறார். குதிரை இரண்டு, ஆகவே அறை இரண்டு, நடுவில் தடுப்பு. அவர் மனத்தில் ஓடிய கணக்கு இதுதான். ஐந்து நாள் குட்டி இரண்டாவது குதிரை அல்ல. முதல் வாரத்தில் அது மணிக்குப் பல தடவை மடி தேடும். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற குட்டிக்கு ரவாங்கிலிருந்து தாப்பா வரையிலும், அதன் பிறகு வெயிலில் நின்ற ஒன்றரை மணி நேரமும் ஒரு சொட்டுப் பால் கிடைத்திருக்காது. தாயின் மணம் வரும் பக்கமாக அது தலையை நுழைக்கும், காலை நுழைக்கும். குதிரை வளர்ப்பவர்கள் நடுத்தடுப்பைக் கழற்றி, முழு வண்டியையும் ஒரே அறையாக்கி, குட்டியைக் கட்டாமல் தாயோடு விடுவது இதற்காகத்தான். ‘தாய் மிதித்துவிடும்’ என்பதே அவருடைய எதிர்வாதமாக இருக்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நானல்ல, ஈப்போ மருத்துவர். அவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

இனிச் சட்டம். ஒருவர் தம் பொருளை ஒரு வேலைக்காக இன்னொருவர் கையில் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுவதை மலேசியாவின் ஒப்பந்தச் சட்டம் 1950 ஒப்படைப்பு என்கிறது. பொருளைப் பெற்றவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே சூழ்நிலையில் தம் சொந்தப் பொருளுக்கு எடுக்கும் அக்கறையை எடுக்க வேண்டும் என்பது 104ஆம் பிரிவு. அப்படி எடுத்திருந்தால் இழப்புக்கு அவர் பொறுப்பல்ல என்பது 105. எடுத்தாரா இல்லையா என்பதை யார் நிரூபிப்பது? பலர் தவறாக நினைப்பது இங்கேதான். போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில் மருந்துப் பெட்டிகள் காணாமல் போன வழக்கில், 1978இல், அப்போது இத்தகைய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் இதைத் தீர்த்துவைத்தது: பொருள் யார் பொறுப்பில் இருந்ததோ, அவரே தாம் அசட்டையாக இல்லை என்று காட்ட வேண்டும். ஆகவே உறங்கியது ஏன், வெயிலில் நிறுத்தியது ஏன், தடுப்புக்கும் தரைக்கும் இடையே கால் நுழையும் அளவு இடைவெளி ஏன் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சுமை அவர் தோளில் இருக்கிறது.

உங்கள் தோளிலும் ஒன்று இருந்தது. ஒப்படைக்கும் பொருளில் உங்களுக்குத் தெரிந்த, ஆபத்தை விளைவிக்கக்கூடிய குறையை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிறது 103ஆம் பிரிவு. குட்டியின் வயது குறை என்று எனக்குத் தோன்றவில்லை; ஆனாலும் எதிர்த்தரப்பு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று தொடங்கும் வாய்ப்பு உண்டு. அந்தக் கட்டைவிரல் படம் அந்த வாயை அடைத்துவிடும். தொலைபேசியை மாற்றுவதற்கு முன் அந்த உரையாடலைத் தேதி, நேரத்தோடு அச்சிட்டு வையுங்கள்.

ரசீதின் பின்பக்கத்துக்கு வருவோம். ‘எந்த இழப்புக்கும் பொறுப்பல்ல’ என்பது இந்த நாட்டில் சலவைக் கடையிலிருந்து வாகன நிறுத்துமிடம் வரை ஒட்டப்பட்டிருக்கும் வாசகம். அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் பலர் என்பதால்தான் அது இன்னும் ஒட்டப்படுகிறது. 2018 டிசம்பரில், சிஐஎம்பி வங்கி சம்பந்தப்பட்ட ஒரு கடன் வழக்கில், நஷ்ட ஈடு கேட்கும் உரிமையை முழுக்கத் துடைத்துவிடும் நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘எங்கள் பொறுப்பு இத்தனை வெள்ளி வரைதான்’ என்று எல்லை வகுக்கும் நிபந்தனை வேறு வகை, அது நிற்கக்கூடும். உங்களுடையது எல்லை வகுக்கவில்லை, எல்லாவற்றையும் துடைக்கப் பார்க்கிறது. நீங்கள் பயனீட்டாளர் என்றால் உங்களுக்கு இன்னொரு கைப்பிடியும் உண்டு. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, 53ஆம் பிரிவின்படி எந்தச் சேவையும் நியாயமான அக்கறையோடும் திறனோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்தில் தானாகவே அடங்கும். 2010ஆம் ஆண்டுத் திருத்தம் நியாயமற்ற நிபந்தனைகளை ஒதுக்கிவைக்கவும் வழி செய்தது.

‘பயனீட்டாளர் என்றால்’ என்று சொன்னதற்குக் காரணம் உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் போட்ட அந்த வரி. சொந்த, வீட்டுப் பயன்பாட்டுக்குச் சாதாரணமாகப் பெறப்படும் சேவையைப் பெற்றவரே இந்தச் சட்டத்தின் பயனீட்டாளர். மகளுக்காக வாங்கிய குதிரை என்றால் உங்களுக்கு நல்ல வாதம் இருக்கிறது. கட்டணச் சவாரி என்று வரும்போது, இது வியாபாரம் என்று அவர் சொல்வார். பயணம் நடந்த நாளில் அப்படி எந்தத் தொழிலும் இல்லை, எண்ணம் மட்டுமே என்பது உண்மையானால் அதை அப்படியே சொல்லுங்கள். மறைக்காதீர்கள், ஏற்கெனவே நண்பர்களுக்கெல்லாம் சொல்லியிருப்பீர்கள். விளம்பரப் பலகை எதையும் இப்போது மாட்ட வேண்டாம் என்பது மட்டும் என் யோசனை.

எங்கே போவது? 9,000 வெள்ளி, சிறு கோரிக்கை நடைமுறையின் 5,000 வெள்ளி வரம்பைத் தாண்டிவிட்டது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தின் வரம்பு 50,000 வெள்ளி. கட்டணம் 5 வெள்ளி. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் யாரும் உங்களுக்காக நிற்க முடியாது, அவருக்காகவும் நிற்க முடியாது. என் பிழைப்புக்கு எதிராகத்தான் இதைச் சொல்கிறேன்: முதலில் அங்கேயே போங்கள். நீங்கள் பயனீட்டாளர் இல்லை என்று மன்றம் கருதினால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது. ஒப்பந்த வழக்குக்கு ஆறு ஆண்டு அவகாசம்.

அதற்கு முன் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பி 14 நாள் கொடுங்கள். மருத்துவச் செலவு, ஈப்போவில் தங்கவைத்த செலவு, மீண்டும் வண்டி பிடிக்கும் செலவு ஆகியவற்றைக் கணக்கிடுங்கள். அதிலிருந்து அவருக்குத் தர வேண்டியிருந்த 1,100 வெள்ளியைக் கழித்துக்காட்டுங்கள். நீங்கள் பணம் கொடுக்காமல் ஓடுகிறவர் அல்ல என்பது அதில் தெரியும். நிபோங் திபால் வரை ஒப்புக்கொண்டவர் ஈப்போவோடு நின்றுவிட்டார் என்பதால், முழு 1,100 வெள்ளியும் அவருக்குச் சேருமா என்பதையும் தனியே கேளுங்கள். வருங்காலத்தில் இந்தக் குட்டி எவ்வளவுக்கு விலைபோயிருக்கும் என்ற கணக்கை மட்டும் எழுதாதீர்கள். அது ஊகம், உண்மையான செலவுகளின் மதிப்பையும் குறைத்துவிடும். மகள் அழுத அழுகைக்கும் இந்த வகை வழக்கில் விலை கிடைப்பது அரிது.

சாட்சியங்களில் நான் முதலில் தேடுவது நேரத்தை. தம்பியின் டச் அண்ட் கோ கணக்கில் டோல் சாவடியில் நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் இருக்கும். புகைப்படங்களின் நேரம், மருத்துவர் குட்டியை ஏற்றுக்கொண்ட நேரம், அப்போது அதன் உடலில் நீர் எவ்வளவு வற்றியிருந்தது என்ற குறிப்பு, இவையெல்லாம் ஒரே கோட்டில் வர வேண்டும். கணினியில் உருவான ஆவணங்களைச் சாட்சியமாக ஏற்க சாட்சியச் சட்டம் 1950, 90ஏ பிரிவு வழிசெய்கிறது. தம்பி எங்கே பின்தங்கினார், ஏன் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். இப்போதே அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

இனி அவர் காட்டும் பூச்சாண்டி. அது முழுப் பூச்சாண்டியும் அல்ல. விலங்கு நலச் சட்டம் 2015, 2017 ஜூலை முதல் தேதி நடப்புக்கு வந்தது. தேவையற்ற வேதனை தரும் விதத்தில் விலங்கை ஏற்றிச் செல்வதும் 29ஆம் பிரிவில் குற்றம். அபராதம் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை, அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்தப் பிரிவு முதலில் பாய்வது வண்டியை வெயிலில் விட்டுத் தூங்கியவர் மீது. ஆனால் விலங்கை வேதனையிலிருந்தும் காயத்திலிருந்தும் காக்கும் கடமையை 24ஆம் பிரிவு உரிமையாளர் மீது வைத்திருக்கிறது. உங்கள் பக்கத்தின் பலவீனம் ஐந்தாம் நாள். உலக விலங்குச் சுகாதார அமைப்பின் நிலவழிப் போக்குவரத்து விதிகள், தொப்புள் ஆறாத குட்டியைப் பயணத்துக்குத் தகுதியற்றது என்கின்றன. அது மலேசியச் சட்டம் அல்ல என்றாலும், மருத்துவர்கள் கையில் எடுக்கும் அளவுகோல் அதுதான். பண்ணைக்காரர் நெருக்கினார் என்பது விளக்கம், சாக்கு அல்ல. புறப்படும் முன் ஒரு மருத்துவர் குட்டியைப் பார்த்தாரா? பார்த்திருந்தால் அந்தக் காகிதம் உங்களுக்குப் பொன். பார்க்கவில்லை என்றால், வயதை முன்கூட்டியே சொன்னதும், ஆள் அனுப்பிப் பின்தொடரச் செய்ததும், தாமதிக்காமல் சிகிச்சைக்குக் கொண்டுபோனதும் உங்களுக்காகப் பேசும். கால்நடை மருத்துவச் சேவைத் துறைக்குப் புகார் எழுதுவதானால் இதையெல்லாம் நீங்களே முன்வந்து சொல்லுங்கள்.

கடைசியாக, வீடு திரும்பும் பயணம். ஈப்போவிலிருந்து நிபோங் திபால் நெடுந்தூரம் அல்ல. ஆனால் கோலக்கங்சாருக்கு முன் மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் மேடும் இறக்கமுமாகப் போகும் சாலை, கால் தேறிவரும் குட்டிக்கு நல்லதல்ல. பிரேக்கை மெதுவாகப் பிடிக்கத் தெரிந்த ஓட்டுநர் வேண்டும். கூலிக்குச் சரக்கேற்றும் வண்டிக்கு ‘ஏ’ உரிமம் தேவை. அதன் நகலைக் கேளுங்கள். காப்புறுதி இருக்கிறது என்று சொன்னால், உயிருள்ள விலங்கு அதில் அடங்குமா என்ற பக்கத்தைப் பார்க்காமல் நம்பாதீர்கள். பேராக்கிலிருந்து பினாங்குக்கு மாநிலம் மாறுவதால், நகர்வு அனுமதி பற்றிக் கால்நடை மருத்துவச் சேவைத் துறையிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பயணத்துக்குத் தகுதி என்று மருத்துவர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் ஏற்றாதீர்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவற்றை வழக்கறிஞர் பாஷையில் எழுத வேண்டாம். நடுத்தடுப்பு கழற்றப்பட்டிருக்கும், வழுக்காத விரிப்பும் அதன் மேல் தடிமனான வைக்கோலோ மரத்தூளோ இருக்கும், பின்கதவு மேல்வரை மூடியிருக்கும், ஏனென்றால் அரைக்கதவைக் குட்டி தாண்டப் பார்க்கும், காற்று வரும் வழி திறந்திருக்கும், வேறு குதிரை ஏற்றப்படாது. குட்டியைக் கட்டக் கூடாது. தாயைக் கட்டுவதா விடுவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும், அதையும் எழுதுங்கள். ஏற்றும்போது தாய் முன்னே போக, குட்டியை அதன் கண் எதிரே ஒருவர் நெஞ்சிலும் பின்புறத்திலும் கைகொடுத்து அணைத்தபடி கூடவே ஏற்ற வேண்டும். விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் சேர வேண்டும். வழியில் ஒரு தடவை நிழலில், இன்ஜினை அணைத்து, குட்டி பால் குடித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். நின்றிருக்கும் நேரத்தில் வண்டியை விட்டு யாரும் போகக் கூடாது. தம்பி இந்த முறை பின்தங்காமல், வண்டியிலேயே ஓட்டுநர் பக்கத்தில் உட்காரட்டும்.

ரசீது எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள். ‘குதிரை 2’ என்று எழுத விடாதீர்கள். ‘தாயும் குட்டியும், ஒரே அறையில், தடுப்பில்லாமல்’ என்று எழுதச் சொல்லி, அதன் கீழே முதலாளியோடு ஓட்டுநரையும் கையெழுத்திட வையுங்கள்.